ரத்தத்தில் வந்த எண்ணும் நுரையீரலில் நடப்பதும்

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. காரணம் தெரியாத நுரையீரல் ஃபைப்ரோசிஸ், அதாவது நுரையீரலில் தழும்பு விழுந்து விறைக்கும் நோய் என்று எட்டு மாதம் முன்பு சொன்னார்கள். நின்டெடானிப் மாத்திரை சாப்பிடுகிறார். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணிதான் இந்த நோயின் மூலம் என்று இணையத்தில் படித்தேன். டாக்டரிடம் கேட்காமல் நாங்களாகவே ஒரு லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். சீரத்தில் ஒரு மில்லிக்கு 41 நானோகிராம் என்று வந்திருக்கிறது, பக்கத்திலேயே மேல்நோக்கி ஒரு அம்புக்குறி. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இதை உடம்பிலிருந்து மொத்தமாக எடுத்துவிட மருந்து இல்லையா? இதைக் குறைக்கும் என்று ஒருவர் மூலிகைப் பொடி சொல்கிறார், கொடுக்கலாமா? இந்தப் பரிசோதனையை மாதாமாதம் எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்:

முதலில் அந்த அம்புக்குறியை விட்டுவிடுங்கள். உங்களைத் தூங்கவிடாத அந்த எண் அப்பாவின் நுரையீரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, என் வேலை செல் உயிரியல் ஆய்வு, பல வருடமாக இந்த ஒரு புரதத்தின் பின்னால்தான் அலைகிறேன். அதனால் மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை அப்பாவைப் பார்க்கிற நுரையீரல் டாக்டருடையது. ஆனால் அந்த 41 எங்கிருந்து வந்தது என்பதை என்னால் தைரியமாகச் சொல்ல முடியும்.

ரத்தத்தில் தட்டணுக்கள் இருக்கின்றன இல்லையா, காயம் பட்டால் ரத்தத்தை உறையவைப்பவை. டிஜிஎஃப்-பீட்டாவை நிறையச் சேர்த்துவைத்திருப்பவை அவைதான். சீரம் என்றாலே ரத்தத்தை உறையவிட்டு அதற்கு மேல் தெளிந்து நிற்கிற நீர். உறையும்போது தட்டணுக்கள் தங்களிடம் இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். ஆக, குழாய்க்குள் கொட்டியதைத்தான் லேப் அளந்திருக்கிறது. ஆரோக்கியமான மனிதர்களின் சீரத்திலும் சில பத்து நானோகிராம் வருவது சாதாரணம். ரத்தம் உறையாமல் எடுத்து, தட்டணுக்களைக் கவனமாகப் பிரித்து நீக்கிய பிளாஸ்மாவில் பார்த்தால் அளவு பல மடங்கு குறைந்துவிடும். குழாயைக் கொஞ்சம் அதிகமாகக் குலுக்கினாலும் எண் ஏறும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தப் பரிசோதனையில் மாதிரியோடு அமிலம் சேர்ப்பார்கள். பத்து நிமிடம் வைத்து, காரம் விட்டுச் சமன்செய்து, அதன் பிறகுதான் அளப்பார்கள். ஆராய்ச்சிக்கு வந்த புதிதில் நான் இந்த அமிலப் படியை விட்டுவிட்டேன். 96 குழி உள்ள தட்டு, மஞ்சள் நிறம் ஏற வேண்டிய குழிகள் வரிசை வரிசையாகத் தண்ணீர் போல வெளுத்து நின்றன. செல்கள் புரதத்தைச் செய்யவே இல்லை என்று முடிவுகட்டி ஒரு வாரம் வேறெங்கோ தேடினேன். மூத்த ஆய்வாளர் ஒருவர் அதே மாதிரியில் ஒரு பங்கை எடுத்து, அமிலம் விட்டு, திரும்ப ஓட்டிக் காட்டினார். அத்தனை குழியும் மஞ்சள். புரதம் முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது, உறைக்குள் இருந்தது. அமிலம் உறையைக் கழற்றியதும் வெளியே தெரிந்தது. உங்கள் அப்பாவின் ரத்தத்துக்கும் லேபில் இதையே செய்திருப்பார்கள். உடம்புக்குள் பூட்டிக் கிடந்ததைக் குழாய்க்குள் திறந்துவிட்டு எண்ணியிருக்கிறார்கள்.

இந்த உறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கான பதில் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

செல் டிஜிஎஃப்-பீட்டா 1-ஐ 390 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரே சங்கிலியாகச் செய்கிறது. கடைசி 112 மட்டும்தான் வளர்ச்சிக் காரணி. அதற்கு முன்னால் இருக்கிற பெரிய துண்டு உறை. செல்லைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே ஃபியூரின் என்ற நொதி இரண்டுக்கும் நடுவில் வெட்டிவிடும். வெட்டினால் பிரிந்துபோக வேண்டும், ஆனால் போவதில்லை, வெட்டுப்பட்ட பிறகும் உறை காரணியை இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. 2011-இல் டிமோத்தி ஸ்பிரிங்கரின் குழு இதன் படிக அமைப்பை வெளியிட்டது. வளையம் போன்ற உருவம், இரண்டு உறைகள் இரண்டு கை போல வளைந்து நடுவில் காரணியைச் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிடியில் இருக்கும்வரை அது தன் ஏற்பியை, அதாவது செல்லின் மேல் அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்தைத் தொட முடியாது, எனவே எந்த வேலையும் செய்யாது. இந்த நிலைக்குத்தான் உறங்குநிலை என்று பெயர். நம் உடம்பில் இருக்கிற டிஜிஎஃப்-பீட்டாவில் மிகப் பெரும்பகுதி எந்த நேரத்திலும் இப்படித்தான் உறங்குகிறது.

அது மட்டுமில்லை, இந்தப் பொட்டலம் சும்மா மிதப்பதும் இல்லை. எல்டிபிபி என்ற இன்னொரு புரதம் அதை செல்களுக்கு வெளியே இருக்கிற நார்வலையில் கட்டிவைக்கிறது. சில செல்களில் செல்லின் மேற்பரப்பிலேயே கட்டிவைக்க ஆள் இருக்கிறது: நோய் எதிர்ப்பை அடக்கிவைக்கும் டி செல்களில் கார்ப் என்ற புரதம், மூளையின் மைக்ரோகிளியா செல்களில் எல்ஆர்ஆர்சி33. ஒரே வளர்ச்சிக் காரணிதான், யார் கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது எந்த இடத்தில் கிடைக்கும் என்பது மாறுகிறது.

சரி, யார் அவிழ்ப்பது? அதிகம் தெரிந்துகொண்டிருப்பது இன்டெக்ரின் குடும்பத்தைப் பற்றி. இவை செல்லின் வெளிச்சுவரை ஊடுருவி நிற்கிற புரதங்கள், ஒரு முனை வெளியே, மறு முனை உள்ளே. வெளிமுனை உறையில் இருக்கிற ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற அடுத்தடுத்த மூன்று அமினோ அமிலங்களை, புரதச் சங்கிலியின் மூன்று எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்முனை செல்லின் ஆக்டின் இழைகளோடு, அதாவது செல் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பயன்படுத்தும் கயிறுகளோடு சேர்ந்திருக்கும். செல் சுருங்கும்போது இன்டெக்ரின் உறையை இழுக்கிறது. மறுபக்கம் நார்வலை விடாமல் பிடித்திருக்கிறது. நடுவில் மாட்டிய உறை நீண்டு உருக்குலைந்து, காரணி நழுவி வெளியே வருகிறது. நூல் சுற்றிய பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் பொட்டலத்தை அழுத்திப் பிடித்து இன்னொரு கையால் நூலை இழுத்தால் முடிச்சு அவிழும். பொட்டலத்தை யாரும் பிடிக்காமல் நூலை மட்டும் இழுத்தால் பொட்டலம்தான் கூடவே வரும்.

நுரையீரலில் இந்த வேலையைச் செய்கிற முக்கிய ஆள் ஆல்ஃபா-வி-பீட்டா-6 என்ற இன்டெக்ரின். காற்றறைகளை உள்பக்கம் மூடியிருக்கும் எபிதீலியச் செல்களில் இருப்பது. ஆரோக்கியமான பெரியவர்களிடம் மிகக் குறைவு, காயம் பட்டால் கூடும், ஃபைப்ரோசிஸ் வந்த நுரையீரலில் தெளிவாகவே அதிகம். 1999-இல் ஜான் மங்கர், டீன் ஷெப்பர்ட் குழு இதைக் காட்டியது. அதில் எனக்கு இன்றும் பிடித்த சோதனை ஒன்று: டிஜிஎஃப்-பீட்டா விழித்தால் மட்டும் ஒளிவிடும்படி மின்மினிப் பூச்சியின் ஜீனை ஏற்றிய செல்களை எடுத்துக்கொண்டார்கள். பீட்டா-6 உள்ள செல்கள் ஊறிய திரவத்தை மட்டும் அவற்றின் மேல் ஊற்றினால் ஒளி இல்லை. இரண்டு வகைச் செல்லையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வளரவிட்டால் ஒளி வருகிறது. அதாவது விழித்த காரணி அந்தச் செல்லையும் அதன் அண்டைச் செல்லையும் தாண்டிப் போவதே இல்லை. ரத்தத்தில் அதைத் தேடுவது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அப்படியே தப்பித் தவறி ரத்தத்துக்கு வந்தாலும், விழித்த வடிவம் சில நிமிடங்களில் நீங்கிவிடும் என்று எலிகளில் அளந்திருக்கிறார்கள்.

அளவைவிட அவிழ்ப்பதுதான் பெரிது என்பதற்கு இன்னொரு சான்று. டிஜிஎஃப்-பீட்டா 1 ஜீனே இல்லாத சுண்டெலிகள் பிறந்து சில வாரங்களில் உடம்பெல்லாம் அழற்சி பரவி இறந்துவிடும் என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரியும். 2007-இல் வேறொரு சுண்டெலி செய்தார்கள். அதில் புரதம் இருக்கிறது, வளர்ச்சிக் காரணிப் பகுதியில் ஒரு அணுவைக்கூடத் தொடவில்லை. உறையில் இன்டெக்ரின் பிடிக்கிற அந்த மூன்றில் கடைசி எழுத்தை மட்டும், அஸ்பார்ட்டிக் அமிலத்தை எடுத்துவிட்டு அதன் நெருங்கிய உறவான குளுட்டமிக் அமிலத்தை வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே ஒரு கார்பன் அளவுதான் வித்தியாசம். அந்தச் சுண்டெலிகளுக்கு, ஜீனே இல்லாதவற்றுக்கு வந்த அதே நோய்கள் வந்தன. பை நிறையப் பணம் இருந்தும் பையைத் திறக்க முடியாத நிலை. இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் மனிதர்களில் இருக்கிறது. கமுராட்டி-எங்கல்மேன் என்ற அரிய எலும்பு நோயில் பெரும்பாலும் உறையில்தான் பிழை. உறை தளர்ந்துபோய் காரணி எளிதாக விழித்துக்கொள்கிறது, கை கால்களின் நீள எலும்புகள் தடித்து வலிக்கின்றன.

இப்போது அப்பாவின் நுரையீரலுக்கு வருவோம். நான் நூல் சுற்றிய பொட்டலத்தைச் சொன்னேன் இல்லையா, மறுபக்கம் எவ்வளவு உறுதியாகப் பிடிக்கிறதோ அவ்வளவு எளிதாக முடிச்சு அவிழும். மென்மையான திசுவில் செல் இழுத்தால் நார்வலையும் சேர்ந்து நெகிழ்ந்து கொடுக்கும், உறை பிழைத்துக்கொள்ளும். தழும்பு விழுந்து விறைத்த இடத்தில் வலை நெகிழாது, அதே இழுப்பு உறையைக் கிழிக்கும். தழும்பு போடுகிற மையோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை விறைப்பான பரப்பிலும் மென்மையான பரப்பிலும் வளர்த்து 2007-இல் இதைக் காட்டினார்கள். விழித்த டிஜிஎஃப்-பீட்டா அந்தச் செல்களிடம் இன்னும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் போடு, இன்னும் சுருங்கு என்று சொல்கிறது. அவை போடுகின்றன, இடம் மேலும் விறைக்கிறது, அடுத்த பொட்டலம் இன்னும் எளிதாக அவிழ்கிறது. கையில் பட்ட காயத்தை ஆற்றி மூடுகிற அதே வேலைதான் இது. கையில் அது முடிந்ததும் நின்றுவிடும், இந்த நோயில் நிற்க மறுக்கிறது. ஒரு நல்ல வேலையாள் இத்தனை கொடுமை செய்ய முடியும் என்பது எனக்கே முதலில் நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லா இன்டெக்ரினும் இழுத்துத்தான் திறக்கிறது என்றும் நினைத்துவிட வேண்டாம். ஆல்ஃபா-வி-பீட்டா-8 என்று ஒன்று இருக்கிறது, அதன் உள்முனை ஆக்டின் கயிற்றோடு சேர்வதில்லை. மேற்பரப்பில் இருக்கிற ஒரு வெட்டும் நொதி உதவுகிறது என்று ரொம்ப நாள் சொல்லிவந்தோம். 2020-இல் ஸ்டீபன் நிஷிமுரா, யிஃபான் செங் குழுக்கள் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது: உறை ஓரிடத்தில் தளர்ந்து கொடுக்கிறது, காரணி உறையைவிட்டு வெளியேறாமலே எட்டிப்பார்த்துத் தன் ஏற்பியைத் தொட்டுவிடுகிறது. இது எங்கள் துறையில் பலரையும் உட்காரவைத்து யோசிக்கவைத்த முடிவு. மற்ற வளர்ச்சிக் காரணிகளுக்கும் இதே மாதிரி மேற்பரப்புக் காவல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வழி. எச்பி-இஜிஎஃப் என்ற காரணி செல் சுவரிலேயே நட்டு வைக்கப்பட்டிருக்கும், ஏடிஏஎம்17 போன்ற கத்திரி நொதி வெட்டினால்தான் விலகும். கல்லீரல் செல்களை வளர்க்கும் எச்ஜிஎஃப் ஒரு வெட்டு விழாதவரை ஏற்பியை எழுப்பாது. எஃப்ஜிஎஃப் காரணிகளுக்கு மேற்பரப்பில் இருக்கிற ஹெபரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலி துணை நிற்க வேண்டும். அவற்றைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்வி, மொத்தமாக எடுத்துவிட முடியாதா என்பது. எடுத்துவிடக் கூடாது. இறந்துபோன சுண்டெலிகளைச் சொன்னேன். நோய் எதிர்ப்புச் செல்கள் நம் உடம்பையே தாக்காமல் அடக்கிவைப்பது இந்தக் காரணிதான். இதன் ஏற்பியை முழுக்க முடக்கும் மருந்துகளில் சில, விலங்குச் சோதனையில் இதய வால்வுகளைக் கெடுத்தன. எல்லா வகை டிஜிஎஃப்-பீட்டாவையும் பிடித்துவைக்கும் ஒரு ஆன்டிபாடியைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சிலருக்குத் தோலில் கட்டிகள் வந்தன. அதனால்தான் காரணியை விட்டுவிட்டு, நுரையீரலில் அதை அவிழ்க்கிற கையை மட்டும் பிடிக்கலாம் என்ற யோசனை வந்தது. எனக்கு இன்றும் அதுதான் சரியான யோசனை என்று படுகிறது. பீட்டா-6 இல்லாத சுண்டெலிகளுக்கு நுரையீரலில் தழும்பை உண்டாக்கும் பிளியோமைசின் மருந்தைக் கொடுத்தும் ஃபைப்ரோசிஸ் வராமல் தப்பித்தன.

ஆனால் நல்ல யோசனை மட்டும் போதவில்லை, இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆல்ஃபா-வி-பீட்டா-6-ஐத் தடுக்கும் ஆன்டிபாடியை இதே நோய் உள்ளவர்களுக்குக் கொடுத்த இரண்டாம் கட்டச் சோதனையைப் பாதுகாப்புக் காரணங்களால் பாதியில் நிறுத்தினார்கள். அதோடு ஆல்ஃபா-வி-பீட்டா-1 என்ற இன்னொரு இன்டெக்ரினையும் சேர்த்துத் தடுக்கும் பெக்ஸோடெக்ராஸ்ட் என்ற மருந்து ஆரம்பச் சோதனைகளில் நம்பிக்கை தந்தது, அதையும் பாதுகாப்புக் குழுவின் பரிந்துரைப்படி 2025-இல் நிறுத்திவிட்டார்கள். பீட்டா-6 இல்லாத சுண்டெலிகளும் வயதானபோது காற்றறைச் சுவர்கள் அழியும் எம்ஃபிசீமாவுக்கு ஆளாயின. மிச்சம் மீதி இருக்கிற நல்ல காற்றறைகளைக் காப்பாற்றவும் இந்தக் கை கொஞ்சம் வேண்டியிருக்கிறது போலும். எந்த அளவு தடுப்பது, யாருக்கு, எப்போது என்பதில்தான் வேலை பாக்கி இருக்கிறது. புதிய சோதனைகள் வரும்போது அப்பா சேரத் தகுதியுள்ளவரா என்று டாக்டரிடம் கேட்டுவைப்பது நல்லது, நெட்டில் பார்த்து நீங்களாக எதையும் வாங்க வேண்டாம்.

அப்பா சாப்பிடுகிற நின்டெடானிப் டிஜிஎஃப்-பீட்டாவை நேரடியாகத் தொடுவதில்லை. பிடிஜிஎஃப், எஃப்ஜிஎஃப், விஇஜிஎஃப் என்ற வேறு மூன்று வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளை அது செல்லின் உள்பக்கத்திலிருந்து மௌனமாக்குகிறது. அதனால் ரத்தத்தில் டிஜிஎஃப்-பீட்டா எண் இறங்கவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமே கிடையாது. இந்த மருந்து நுரையீரலின் கொள்ளளவு குறையும் வேகத்தை மட்டுப்படுத்தும், விழுந்த தழும்பை அழிக்காது. வயிற்றுப்போக்கு இதில் ரொம்பச் சகஜம், பலர் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிடுவது அதனால்தான். அப்பாவுக்கு அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்தோ வயிற்றுப்போக்குக்கு மருந்து சேர்த்தோ சமாளிக்க வழி இருக்கிறது.

மூலிகைப் பொடி வேண்டாம். தட்டில் வளரும் செல்களில் டிஜிஎஃப்-பீட்டாவைக் குறைத்த பொருள்கள் ஏராளம், அந்தக் கட்டுரைகளை வைத்துக்கொண்டுதான் விற்கிறார்கள். சாப்பிட்ட பொருள் நுரையீரலில் அந்த ஒரு முடிச்சு அவிழும் இடத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய கவலை கல்லீரல். நின்டெடானிப் கல்லீரல் நொதிகளை ஏற்றக்கூடிய மருந்து, அதன் மேல் என்ன இருக்கிறதென்று தெரியாத பொடியையும் போட்டால், நொதி ஏறும்போது எதனால் என்று டாக்டருக்கே தெரியாமல் போய், கடைசியில் நிறுத்தப்படுவது மாத்திரையாக இருக்கும். சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார், அவரிடம் கோபப்பட வேண்டியதில்லை.

அப்புறம் மாதாமாதம் டிஜிஎஃப்-பீட்டா. வேண்டவே வேண்டாம். அப்பாவின் நிலையைச் சொல்பவை வேறு: மூச்சை முழுக்க இழுத்து ஊதும்போது எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று சொல்லும் எஃப்விசி, வாயு ரத்தத்துக்குள் கடக்கும் திறனைச் சொல்லும் டிஎல்சிஓ, ஆறு நிமிட நடையில் எத்தனை மீட்டர் போகிறார், அப்போது ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, அவர் தினமும் ஏறுகிற அதே படிக்கட்டில் எந்தப் படியில் மூச்சு வாங்க நிற்கிறார் என்று தேதியோடு குறித்துவைப்பது. போன மாதம் மேலே வரை ஏறியவர் இந்த மாதம் பாதியில் நிற்கிறார் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். திடீரென்று சில நாட்களில் மூச்சுத்திணறல் கூடினால் நேராக மருத்துவமனைக்கே கூட்டிப்போங்கள். ரத்தம் எடுக்க ஊசி குத்த வேண்டும் என்றால் டாக்டர் சொன்ன இடைவெளியில் கல்லீரல் பரிசோதனைக்குக் குத்தட்டும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். அந்த 41 எழுதிய தாளையும் அடுத்த முறை கையோடு எடுத்துப்போய், கேட்காமல் எடுத்துவிட்டோம் என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.